எங்க புளோக்கு மாமா கடை: ஆறு மாசம் சிகரெட் லைசென்ஸ் போயிருந்த கடைக்கு என்னோட ரிவ்யூ

சிங்கப்பூர் யீஷூன்ல எங்க புளோக்கு வாய்ட் டெக்ல, அதாவது அடுக்குமாடியோட கீழ்த்தளத் திறந்த இடத்துல, ஒரு மாமா கடை இருக்கு, சின்ன மளிகைக் கடை. கடை பேரு, புளோக்கு நம்பர் ரெண்டும் எழுதல, ஏன்னு படிக்கப் படிக்க புரியும். இருபது வருஷமா அங்க தான் சாமான் வாங்குறேன். தென்காசிப் பக்கத்துக்காரர் ஒருத்தர் நடத்துறாரு, நாங்கல்லாம் பாய்னு கூப்பிடுவோம், சீன ஆன்ட்டிங்க மாமான்னு கூப்பிடுவாங்க, சின்னப் பிள்ளைங்களுக்கு அவரு மிட்டாய் தாத்தா. ஃபேர்பிரைஸ் சூப்பர்மார்க்கெட் பத்து நிமிஷ நடையில தான் இருக்கு, ஆனா அவசரத்துக்கு ஒரு கட்டு கொத்தமல்லி, ரெண்டு முட்டை, தோசை மாவு ஒரு பாக்கெட்னா யாரு லிஃப்ட்ல இறங்கி அவ்வளவு தூரம் நடப்பாங்க.

முதல்ல கடையைப் பத்தி சொல்லிடறேன். இட்லி தோசை மாவு தினமும் சாயந்தரம் வரும், புளிப்பு சரியா இருக்கும், மறுநாள் காலைல ஊத்தினா தோசை ஓரம் மொறுமொறுன்னு வரும். பத்து வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல வாங்கினா கறிவேப்பிலை காசு வாங்காம பையில போட்டுடுவாரு. முருங்கைக்காய் புதன்கிழமையும் சனிக்கிழமையும் வரும். வெள்ளிக்கிழமை மல்லிகைச் சரம், லிட்டில் இந்தியா தேக்கா வரைக்கும் போக வேண்டியதில்ல. தீபாவளி நேரத்துல முறுக்கு மாவு, அச்சு வெல்லம், நல்லெண்ணெய் எல்லாம் ஒரு மாசம் முன்னாடியே எடுத்து வச்சிருப்பாரு. அரிசி மூட்டை வாங்கினா மேல வீடு வரைக்கும் கொண்டு வந்து தருவாங்க. விலை சூப்பர்மார்க்கெட்டை விட பத்து இருபது காசு கூட இருக்கும், அதை நான் குறையா சொல்ல மாட்டேன், வாடகை கட்டணும்ல.

இப்ப விஷயத்துக்கு வரேன். ரெண்டு வருஷம் முன்னாடி இந்தக் கடையோட சிகரெட் லைசென்ஸை ஆறு மாசத்துக்கு நிறுத்தி வச்சிட்டாங்க.

நடந்தது இது தான். சாயந்தரம் கல்லாவுல ஒரு அங்கிள் உட்காருவாரு, அறுபத்தஞ்சுக்கு மேல வயசு, ரொம்ப நல்ல மனுஷன். அன்னைக்கு ஒரு பையன் என்எஸ், அதாவது கட்டாய ராணுவ சேவை, பச்சை யூனிபார்ம்ல வந்து ஒரு பாக்கெட் சிகரெட் கேட்டிருக்கான். அங்கிள் ஐசி (அடையாள அட்டை) கேக்காம எடுத்துக் குடுத்துட்டாரு. பட்டாளத்துல இருக்கிறவன், துப்பாக்கி தூக்குறவன், அவன் பெரியவன் தானேன்னு அவரு மனசுல இருந்திருக்கு. பையனுக்கு வயசு 19. வெளிய சாதா டிரெஸ்ல ரெண்டு எச்எஸ்ஏ ஆபிசர்ங்க நின்னுக்கிட்டு இருந்திருக்காங்க, அதாவது சுகாதார அறிவியல் ஆணையத்துக்காரங்க, பையனை நிறுத்தி ஐசி பார்த்துட்டு நேரா கடைக்குள்ள வந்துட்டாங்க.

இதுல நிறைய பேருக்கு இன்னும் குழப்பம் இருக்கு, அதனால கொஞ்சம் விளக்கமா எழுதுறேன். சிங்கப்பூர்ல சிகரெட் வாங்கற வயசு முன்னாடி 18. 2019 ஜனவரி 1ல 19 ஆச்சு, அடுத்த வருஷம் ஜனவரியில 20, 2021 ஜனவரி 1லேர்ந்து 21. என்எஸ் போற பசங்க பெரும்பாலும் 18லேர்ந்து 20க்குள்ள தான் இருப்பாங்க, அவங்களுக்குன்னு தனிச் சலுகை எதுவும் கிடையாது. யூனிபார்ம் போட்டா பெரிய ஆள் மாதிரி தெரியும், சட்டத்துக்கு அவன் இன்னும் வயசு வராதவன். இந்த ஒரு விஷயத்தை கல்லாவுல உட்கார்ற எல்லாருக்கும் முதல் நாளே சொல்லிக் குடுக்கணும்.

வயசு வராதவங்களுக்கு வித்தா கடைக்காரருக்கு முதல் தடவை 5,000 வெள்ளி வரைக்கும் ஃபைன், மறுபடி பண்ணினா 10,000 வரைக்கும். ஆனா கடைக்காரங்க பயப்படறது ஃபைனுக்கு இல்ல, லைசென்ஸுக்குத் தான். முதல் தடவை மாட்டினா ஆறு மாசம் நிறுத்தி வைப்பாங்க, ரெண்டாவது தடவை மாட்டினா லைசென்ஸே ரத்து. ஸ்கூல் யூனிபார்ம்ல இருக்கிற பிள்ளைக்கு வித்தாலோ 12 வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைக்கு வித்தாலோ முதல் தடவையே ரத்து, பேச்சே கிடையாது. வாங்கின பையனுக்கும் 300 வெள்ளி வரைக்கும் ஃபைன் உண்டு.

எனக்கு நேர்ல தெரிஞ்ச கடைகள்ல இந்த மாதிரி மாட்டினவங்க வழக்கமா என்ன செய்வாங்கன்னா, ஸ்டாக் தீர்ந்து போச்சு, அடுத்த வாரம் வரும்னு சொல்லி ஆறு மாசத்தை ஓட்டுவாங்க. பாய் அப்படிப் பண்ணல. அவரு ஒரு வெள்ளை அட்டையில எழுதி கல்லாவுக்கு மேல ஒட்டினாரு. நான் அதை வரி மாறாம ஞாபகம் வச்சிருக்கேன்: "இங்கே 6 மாதம் சிகரெட் விற்பனை இல்லை. 21 வயது ஆகாத ஒருவருக்கு விற்றுவிட்டோம். தவறு எங்களுடையது." தமிழ்ல அவரு எழுதினாரு, இங்கிலீஷ்ல அவரு மக எழுதிச்சு, சீனத்துல நாலாவது மாடி ஆன்ட்டி எழுதிக் குடுத்தாங்க, மலாய்ல பக்கத்து சலூன்காரர். நாலு பாஷையில ஒரு மனுஷன் தன் தப்பை தன் கடையிலயே ஒட்டி வச்சாரு. நான் இந்த ரிவ்யூ எழுதறதுக்கு முதல் காரணம் அந்த அட்டை தான்.

அந்த ஆறு மாசம் கடை எப்படி இருந்துச்சுன்னு நான் தினமும் பார்த்தேன். சிகரெட்ல கடைக்காரருக்கு பெரிய லாபம் ஒண்ணும் இல்ல. விலையில பெரும்பகுதி வரி, 2023 பிப்ரவரி பட்ஜெட்ல 15 சதவீதம் ஏத்தினப்போ ஒரு சிகரெட்டுக்கு மட்டும் 49.1 காசு வரி ஆச்சு, 20 இருக்கிற பாக்கெட்டுக்கு 9 வெள்ளி 82 காசு, அதுக்கு மேல ஜிஎஸ்டி வேற. "இதுல எனக்கு நிக்கிறது சில்லறைக்காசு தான் தம்பி, ஆனா சிகரெட் வாங்க வர்றவன் சும்மா போக மாட்டான், ஒரு கேன் தண்ணி எடுப்பான், ஒரு ரொட்டி எடுப்பான், காலைப் பேப்பர் எடுப்பான், அவன் வராட்டி அது எல்லாம் போச்சு"ன்னு பாய் சொன்னாரு. காலைல ஆறரைக்கு வேலைக்குப் போற ஆளுங்க ஒவ்வொருத்தரா எதிர் புளோக்கு கடைக்கு மாறினாங்க. குளிர்பான ஃபிரிட்ஜ் ரெண்டு இருந்ததுல ஒண்ணை அணைச்சு வச்சாரு, கரண்ட் பில்லுக்காக. சிகரெட் கம்பெனி சேல்ஸ்மேன் வந்து இருந்த பாக்கெட்டை எல்லாம் எண்ணி திருப்பி எடுத்துட்டுப் போனான். கல்லாவுக்குப் பின்னாடி அந்த மூடின அலமாரி காலியா இருந்துச்சு, கொஞ்ச நாள்ல அதுல ஊறுகாய் பாட்டில் அடுக்கிட்டாரு.

அலமாரி மூடி இருக்கிறது புதுசு இல்ல. 2017 ஆகஸ்ட் 1லேர்ந்து சிங்கப்பூர்ல எந்தக் கடையிலயும் சிகரெட்டை வெளிய தெரியற மாதிரி வைக்கக் கூடாது. 2020 ஜூலை 1லேர்ந்து எல்லா பிராண்டும் ஒரே மங்கின பழுப்பு நிறப் பாக்கெட்ல தான், அதுல முக்கால்வாசி இடத்துக்கு எச்சரிக்கைப் படம். நான் சின்ன வயசுல பார்த்த சிவப்பு, தங்கக் கலர், பச்சைப் பாக்கெட் அடுக்கு எதுவும் என் மகனுக்குத் தெரியாது. அவனுக்கு மாமா கடைன்னா மைலோவும் ஐஸ்கிரீம் பெட்டியும் தான். இது எனக்கு எவ்வளவு பெரிய நிம்மதின்னு சொல்லத் தெரியல.

ஏன்னா எனக்கு மாமா கடைன்னா சிகரெட் தான். எண்பதுகள்ல நான் பிரைமரி ஸ்கூல் படிக்கும்போது அப்பா என் கையில காசு குடுத்து கீழ அனுப்புவாரு, நான் ஸ்கூல் கால்சட்டையோடயே போய் வாங்கிட்டு வருவேன், மீதிக் காசுல ஒரு மிட்டாய். கடைக்காரர் ஒரு நாளும் கேட்டதில்ல, எங்கப்பா பேரைச் சொன்னா போதும். பதினேழு வயசுல அதே கடையில எனக்கே வாங்க ஆரம்பிச்சேன், அப்பவும் கேக்கல. இருபத்தஞ்சு வருஷம் புடிச்சேன். அப்பா கடைசி மூணு வருஷம் மூச்சுக்கு ஆக்சிஜன் மெஷினோட இருந்தாரு, பாத்ரூமுக்குப் போக எட்டு அடி, நடுவுல ஒரு நாற்காலி போட்டு வச்சிருந்தோம் உட்கார்ந்துட்டுப் போக. அவரு போனதுக்கு அப்புறம் தான் நான் விட்டேன், சுகாதார மேம்பாட்டு வாரியத்தோட ஐ குவிட் 28 நாள் திட்டத்துல சேர்ந்து, ரெண்டு தடவை தோத்து மூணாவது தடவை. அந்த ரெண்டு தடவையும் நான் திரும்பி வாங்கினது இதே பாய் கடையில தான். அவரு குடுத்தாரு, நான் வயசு வந்தவன், அது சட்டப்படி சரி தான். ஆனா மூணாவது தடவை விட்டுட்டேன்னு சொன்னப்போ அவரு கையைப் புடிச்சு, "இனி நீ வந்து கேட்டாலும் இல்லைன்னு தான் சொல்லுவேன்"னாரு. சொன்ன மாதிரியே ஒரு தடவை சொல்லியும் இருக்காரு, ஒரு மோசமான நாள்ல.

இப்பல்லாம் பிள்ளையை அனுப்பி வாங்குறதும் தப்பு, வயசு வராதவங்களுக்காக பெரியவங்க வாங்கிக் குடுக்கிறதும் தப்பு, முதல் தடவைக்கே 2,500 வெள்ளி வரைக்கும் ஃபைன் இருக்கு. அண்ணன்மாருங்க, கேம்ப்ல சீனியருங்க யாராவது தம்பிக்கு வாங்கித் தரேன்னு கிளம்பினா இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

இன்னொரு கடையைப் பத்தியும் சொல்லணும், அப்ப தான் பாய் கடையோட அருமை தெரியும். எங்க வீட்லேர்ந்து நாலு பஸ் ஸ்டாப் தள்ளி, ஸ்கூலுக்குப் போற வழியில ஒரு கடை இருந்துச்சு. அங்க பசங்க பையை முன்னாடி மாட்டி யூனிபார்ம் பேட்ஜை மறைச்சுக்கிட்டு போய் நிப்பாங்க, கடைக்காரர் எல்லாம் தெரிஞ்சே குடுப்பாரு. என் மகனோட கிளாஸ் பையன் ஒருத்தன் அங்க வாங்கினது எங்களுக்குத் தெரிய வந்து, நாங்க நாலு பெற்றோர் சேர்ந்து போய்க் கேட்டோம். "உங்க பிள்ளையை நீங்க பாத்துக்கோங்க, எனக்கு வியாபாரம் இருக்கு"ன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னாரு. எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. நாங்க எச்எஸ்ஏவுக்கு புகார் எழுதினோம், நாள் நேரம் எல்லாம் குறிச்சு. சில மாசம் கழிச்சு அந்தக் கடையில சிகரெட் விக்கிறது நின்னுச்சு, யூனிபார்ம் போட்ட பிள்ளைக்கு வித்து மாட்டினாங்க, லைசென்ஸ் ரத்துன்னு பக்கத்து கோப்பிக் கடைக்காரர் சொன்னாரு. இப்ப அந்த இடத்துல போன் கவர் விக்கிறாங்க. அந்த ஆளோட பிழைப்பு போனதுல எனக்கு சந்தோஷம் இல்ல, ஆனா அந்த வழியா தினமும் இருநூறு பிள்ளைங்களாவது நடந்து போகுது, எனக்கு அது தான் கணக்கு.

சிலர் இதைக் கேட்டு, ஒரு பாக்கெட்டுக்கு ஆறு மாசம்னா ரொம்பக் கொடுமைன்னு சொல்றாங்க. நான் அப்படி நினைக்கல. நான் நேர்ல பார்த்த வரைக்கும் ஃபைன் கட்டினவங்க அடுத்த மாசமே மறந்துடறாங்க, லைசென்ஸ் போனவங்க மறக்கறதில்ல. எனக்கு மனசுல உறுத்தறது வேற ஒண்ணு. லைசென்ஸ் ஒவ்வொரு கடைக்கும் தனித்தனி. பாய்க்கு இருக்கிறது ஒரே கடை, அவருக்கு ஆறு மாசம்னா பாதி வருமானம் ஆட்டம் கண்டுடும். இருபது முப்பது கிளை வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு கிளையில ஒரு அலமாரி ஆறு மாசம் காலி, அவ்வளவு தான். ஒரே முதலாளியோட கிளைகள்ல திரும்பத் திரும்ப இந்தத் தப்பு நடந்தா அதைச் சேர்த்து எண்ணணும்னு நான் கேக்குறேன். அதோட பாய் தானா ஒட்டினாரே ஒரு அட்டை, அதை லைசென்ஸ் நிறுத்தப்பட்ட எல்லாக் கடையும் வாசல்ல ஒட்டணும்னு வந்தா நல்லது, பெரிய எழுத்துல, காரணத்தோட. பெத்தவங்களுக்குத் தெரியணும் எந்தக் கடையில நம்ம பிள்ளைக்குக் குடுத்தாங்கன்னு. தப்பை ஒத்துக்கறவங்களுக்கு அதுல அவமானம் ஒண்ணும் இல்ல, நான் பார்த்தேன், அட்டை ஒட்டினதுக்கு அப்புறம் எங்க புளோக்குல பாய் மேல மரியாதை கூடத் தான் செஞ்சுது, எதிர் கடைக்குப் போய்ட்டு இருந்த சில வீட்டுக்காரங்க காய்கறிக்காக இங்க வர ஆரம்பிச்சாங்க.

ஆறு மாசம் முடிஞ்சு லைசென்ஸ் திரும்பி வந்தது. நான் மனசுக்குள்ள அவரு மறுபடி எடுக்காம விட்டுடுவாருன்னு ஆசைப்பட்டேன், கேட்டும் பார்த்தேன். "விட்டா கடையை மூடணும் தம்பி, இன்னும் ரெண்டு வருஷம் தாக்குப் புடிக்கணும், மக படிப்பு முடியணும்"னாரு. நான் அதுக்கு மேல பேசல. வருத்தம் எனக்கு இன்னும் இருக்கு, நாலு ஸ்டார் குடுக்கிறதுக்கு அது ஒரு காரணம், ஒளிக்காம சொல்லிடறேன்.

ஆனா கடை மாறிடுச்சு. அலமாரிச் சாவி இப்ப பாய் இடுப்புல இருக்கும், அவரு இல்லாத நேரம் அங்கிள் கழுத்துல. கல்லா பக்கத்துல ஒரு சின்ன பலகை, தினமும் காலைல கடை திறந்ததும் அதுல ஒரு தேதி எழுதுவாங்க, இன்னைக்கு தேதியிலேர்ந்து சரியா 21 வருஷம் முன்னாடி. ஐசியில பிறந்த தேதி அதுக்கு முன்னாடி இருந்தா குடுக்கலாம், ஒரு நாள் பின்னாடி இருந்தாலும் கிடையாது, கணக்குப் போட்டு தடுமாற வேண்டிய அவசியமே இல்ல. நாற்பது வயசுக்குக் கீழ தெரியற யாரா இருந்தாலும் ஐசி கேக்குறாங்க. போன்ல ஸ்கிரீன்ஷாட் காட்டினா ஒத்துக்கறதில்ல, அரசாங்கத்தோட டிஜிட்டல் அடையாள ஆப்பான சிங்பாஸைத் திறந்து காட்டச் சொல்றாங்க. என் கண்ணு முன்னாடி தாடி வச்ச ஒரு ஆள் கோவப்பட்டு, "நான் ரெண்டு பிள்ளைக்கு அப்பா"ன்னு சத்தம் போட்டான், அங்கிள் எழுந்து நின்னு கையைக் கூப்பி, "சார், என்னால தான் இந்தக் கடை ஆறு மாசம் கஷ்டப்பட்டுச்சு, தயவுசெஞ்சு காட்டுங்க"ன்னாரு. அந்த ஆள் ஒண்ணும் பேசாம ஐசியை எடுத்துக் காட்டினான். பாய் அந்த அங்கிளை வேலையை விட்டு அனுப்பல. அவரை விட கவனமா பாக்கிற ஆள் எனக்கு இனி கிடைக்க மாட்டான்னு சொன்னாரு.

பசங்க யாராவது வேப் (மின் சிகரெட்) கிடைக்குமான்னு கேட்டா பாய் அவங்க வீட்டுக்கே சொல்லிடுவாரு, புளோக்குல எல்லாரையும் தெரியும் அவருக்கு. வேப் 2018 பிப்ரவரி 1லேர்ந்து வச்சிருக்கிறதே தப்பு, வேப்ல கலக்கற எட்டோமிடேட்ங்கிற மயக்க மருந்தை 2025 செப்டம்பர் 1ல சி வகுப்பு போதைப்பொருள் கணக்குல சேர்த்தாங்க. இதை ஏன் சொல்றேன்னா, சிகரெட் கிடைக்கல, வேப் லேசானது தானேன்னு நினைக்கிற பசங்க எங்க புளோக்குலயே இருந்தாங்க.

குறைன்னு பார்த்தா, கடைக்குள்ள ரெண்டு பேரு எதிரெதிர வந்தா ஒருத்தர் பின்னாடி நடந்து வெளிய வரணும், அரிசி மூட்டையை நடுவுல வைக்கிறதை நிறுத்தினா நல்லது. அஞ்சு வெள்ளிக்குக் கீழ நெட்ஸ் கார்டு வாங்க மாட்டாங்க, போன்ல பணம் அனுப்பற பேநவ் ஓகே. திங்கக்கிழமை கீரை வாடிப் போயிருக்கும், வாங்காதீங்க. மதியம் ஜும்ஆ நேரத்துல வெள்ளிக்கிழமை ஒன்றரை மணி நேரம் அங்கிள் மட்டும் தான் இருப்பாரு, அவருக்கு மாவு விலை எப்பவும் மறந்துடும், நீங்களே சொல்லிடுங்க, நம்புவாரு.

காலைல ஏழுலேர்ந்து ராத்திரி பத்தரை வரைக்கும் திறந்திருக்கும். அணைச்சு வச்சிருந்த ரெண்டாவது ஃபிரிட்ஜ் போன மாசத்துலேர்ந்து மறுபடி ஓடுது, இந்தத் தடவை அதுல மோர், இளநீர், வெட்டின பப்பாளி வச்சிருக்காரு, பப்பாளி ரெண்டு வெள்ளி, சாயந்தரம் ஆறு மணிக்குள்ள போனா கிடைக்கும்.